சீதளா கோயிலில் ஒரு ஜெபம்

எமீமாளுக்கு எட்டு வயதிருக்கும்போது அவளுடைய அப்பா வேதமுத்து அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உப்புக் கரைத்த தண்ணீரால் ஏழு தடவை வாய் கொப்பளிக்க வைத்தார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூஜை. கூடப் படித்த பெண்ணொருத்தி, பூஜையில் படைத்த சந்தேஷ் என்கிற பால் இனிப்பு ஒன்றை இலையில் மடித்துக் கொடுத்திருந்தாள். பாதியைத் தின்றுவிட்டு, இவ்வளவு ருசியாக இருக்கிறதே என்று மீதியை அம்மாவுக்காக வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினையாகப் போயிற்று. அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பாள். ஈரத்தரையில் அவள் பக்கத்திலேயே முழங்கால் போட்டு, இந்தப் பிள்ளையை நரகத்துக்கு விட்டுவிடாதேயும் என்று தேம்பித் தேம்பி ஜெபித்தார். அப்பா அழுது அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்தப் பயம் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

வேதமுத்து திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துப் பக்கத்துக்காரர். இருபது வயதில் ஹவுராவுக்கு வந்து லில்லுவா ரயில்பெட்டிப் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். ஊரில் அவர்கள் குடும்பம் மணியடித்தால் கோயிலுக்குப் போகிற, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுக்கிற சாதாரணக் கிறிஸ்தவக் குடும்பம்தான். இங்கே வந்த மறுவருஷம் டைபாய்டில் தனியாகக் கிடந்தபோது, மதுரநாயகம் என்கிற ரயில்வே கார்டு ஒருவர் தேடி வந்து, கஞ்சி காய்ச்சி ஊட்டி, பதினேழு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அவர் மூப்பராக இருந்து நடத்திய கூடுகையில் வேதமுத்து சேர்ந்தது அப்படித்தான். அந்தக் கஞ்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

கூடுகை ஹவுரா மைதானத்துக்குப் பின்னால் ஒரு மாடி ஹாலில் நடந்தது. இருபது தமிழ்க் குடும்பங்கள். சுவரில் சிலுவை கிடையாது. அதுவும் விக்கிரகம்தான் என்பார் மூப்பர். கிறிஸ்துமஸ் கிடையாது. சினிமா, ரேடியோ, பூ, நகை, பவுடர் எதுவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது என்பதால் தங்கபுஷ்பம், அதாவது எமீமாளின் அம்மா, சனிக்கிழமை சாயங்காலமே மறுநாளுக்கும் சேர்த்துப் புளிக்குழம்பு வைத்து இறக்கிவிடுவாள். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு இடதுபக்கம் உட்காரவேண்டும். வாய் திறக்கக் கூடாது. பெண்களுக்காகச் சொல்லவேண்டியது எதுவாக இருந்தாலும் அந்தந்த வீட்டு ஆண்தான் எழுந்து சொல்வார்.

எல்லாவற்றையும்விட எமீமாளை ஆட்டிவைத்தது இரகசிய வருகைதான். ஆண்டவர் எந்த நிமிஷமும் வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று வாரந்தோறும் பிரசங்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீடு திறந்து கிடந்து அம்மா இல்லாவிட்டால் போதும், அவளுக்குக் கைகால் சில்லிட்டுப்போகும். எடுத்துக்கொண்டு போய்விட்டார், நம்மை மட்டும் விட்டுவிட்டார். தெருக்குழாயில் அம்மா யாரோடாவது வாயடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் உயிர் திரும்பும்.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. ஆற்றுக்கு அக்கரையில், கல்கத்தாவின் டல்ஹௌசியில், டெலிபோன் ஆபீசில் டிரங்க்கால் போர்டில் உட்கார்ந்திருந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் வடத்தைச் செருகி வடத்தைப் பிடுங்கி, பாட்னாவையும் தன்பாத்தையும் யாராருக்கோ சேர்த்து வைக்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் பஞ்சு மிட்டாய் நிறச் சேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவள் மெதுவாக நழுவி நாலு தெரு தள்ளியிருந்த ஒரு பழைய மாதாகோயிலுக்குப் போவாள். பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். பிரார்த்தனை செய்கிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்குகிற தபால்காரர், மூலையில் குழந்தைக்குப் பால் கொடுக்கிற பிச்சைக்காரி, யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். நீ எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தாயா, எதற்கு முக்காடு போடவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் ஜெபிப்பதுகூட இல்லை. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மூன்று வருஷமாக வீட்டுக்குத் தெரியாமல் இது நடந்துகொண்டிருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை மழை பிடித்தது. சல்கியாவில் அவர்கள் இருந்த சந்து தாழ்வான சந்து. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள், நடுவில் சாக்கடை. சாதாரண மழைக்கே கணுக்கால் நனையும். வியாழக்கிழமை விடியும்போது தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலின்மேல் அம்மாவும் மகளும் ஏறி உட்கார்ந்தார்கள். அடுப்பு முழுகியது. ஊரிலிருந்து வந்த கருப்பட்டி டின் மிதந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. வேதமுத்து இரண்டு நாள் முன்பே பழுதான ரயில்பெட்டிகளைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த பேண்டல் ஜங்ஷனுக்குப் போயிருந்தார். ரயில் ஓடவில்லை என்று மட்டும் தெரிந்தது.

ஒன்பது மணி வாக்கில் அடுத்த வீட்டு நிமாய் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். லேத் வைத்திருப்பவன், தெரு கிளப்புக்குச் செயலாளர், எமீமாள் மாஷி, அதாவது சித்தி என்று கூப்பிடுகிற ஷெஃபாலியின் மகன். சந்துமுனை சீதளா கோயிலின் மண்டபம் உயரமானது, எல்லோரும் அங்கேதான் போகிறார்கள், கிளம்புங்கள் என்றான். தங்கபுஷ்பத்துக்கு மூட்டுவாதம். தரையிலேயே சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். அவள் நிமாயைப் பார்த்துவிட்டு மகளிடம் தமிழில் கேட்டாள்.

"கோயிலுக்காட்டி? அந்த அம்மன் கோயிலுக்கா?"

"ஆமா."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

எமீமாள் கட்டிலின் விளிம்பைப் பார்த்தாள். இன்னும் மூன்று விரல்கடைதான் இருந்தது. அவனை அண்ணன் முறையில் அழைத்து, நிமாய்தா, அம்மாவைத் தூக்கிக்கொள் என்று வங்காளத்தில் சொன்னாள்.

அவன் குனிந்து முதுகைக் காட்டினான். தங்கபுஷ்பம் கனமான உடம்புக்காரி. அந்தச் சந்து முழுக்க அவன் அவளை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு நடந்தான். செருப்புகளும் வாழைமட்டையும் செத்த ஆட்டுக்குட்டி ஒன்றும் அவர்களை உரசிக்கொண்டு போயின. அவள் கண்ணை இறுக மூடி வழியெல்லாம் ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு குழியில் கால் வைத்து நிமாய் கழுத்துவரை இறங்கிவிட்டான். அப்போதும் இரண்டு கையாலும் அவளை மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

மண்டபத்தில் அறுபது பேருக்குமேல் இருந்தார்கள். கிழடுகள், கைக்குழந்தைகள், இரண்டு பசுமாடுகள். அன்றைக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கைப்பிடி முரி, அந்தப் பொரிதான் சாப்பாடு. வெள்ளிக்கிழமை கிளப் பையன்கள் வீடு வீடாக நீந்திப் போய் நனையாத அரிசியும் பருப்பும் திரட்டி வந்தார்கள். எரிக்கக் காய்ந்த விறகு இல்லை. துர்க்கா பூஜைப் பந்தலுக்கென்று வாங்கி மண்டபத்தின் பரணில் ஏற்றியிருந்த மூங்கிலை நிமாய் இறக்கச் சொன்னான். பூஜைக்குப் பத்து நாள்தான் இருந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். துர்க்கா அம்மா வந்தால் தெருவில் நிற்கட்டும், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு முதல் மூங்கிலை அவனே பிளந்தான்.

மத்தியானம் அண்டாவில் கிச்சுரி வெந்தது. அரிசியும் பருப்பும் குழைந்த, மஞ்சளும் இஞ்சியும் மணக்கிற கஞ்சிச் சோறு. முதல் கரண்டியைப் பூசாரி பித்தளைத் தட்டில் வாங்கிக்கொண்டு போய்ச் சீதளா முன்னால் வைத்து மணியடித்தார். எமீமாளும் அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு தட்டில் இருந்ததை அண்டாவில் திரும்பக் கொட்டிக் கலந்தார்கள். வரிசையாக இலை போட்டு ஆவி பறக்க ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

தங்கபுஷ்பம் இலையைத் தொடவில்லை. ஷெஃபாலி மாஷி அதைக் கவனித்துவிட்டுக் குனிந்து வந்தாள். இருபது வருஷப் பழக்கம். லட்சுமி பூஜைக்கும் மற்றதற்கும் இவர்கள் வீட்டுக்கு மட்டும் படைக்காத பழத்தைத் தனியாக எடுத்து வைத்து அனுப்புகிறவள். உங்கள் இரண்டு பேருக்கும் முன்னாலேயே எடுத்து வை என்று நிமாயிடம் சொல்லியிருந்தேன், கூட்டத்தில் மறந்துவிட்டான், கொஞ்சம் பொறுத்தால் ஒரு பிடி அரிசி தனியாக வேகவைத்துத் தருகிறேன் என்றாள். அவள் குரலில் குற்றம் செய்தவளின் கூச்சம் இருந்தது. எமீமாள் அடுப்பைப் பார்த்தாள். மூங்கில் எரிந்து முடிந்து வெறும் தணல் கிடந்தது. வேண்டாம் மாஷி, இதுவே போதும் என்றாள். அதைச் சொன்னவுடன் இடி விழும் என்று அவள் உடம்பில் ஏதோ ஒன்று காத்திருந்தது. மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"சாப்பிடும்மா," என்றாள் அம்மாவிடம்.

தங்கபுஷ்பம் இலையின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு, "ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாம்ல மக்கா?" என்று கேட்டாள்.

வீட்டில் சாப்பாட்டுக்கு ஜெபிப்பது அப்பாதான். முப்பது வருஷமாக அவள் ஆமென் மட்டும் சொல்லி வந்தவள். இப்போது முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாய்விட்டுத் தமிழில் ஆரம்பித்தாள். ஷெஃபாலி மாஷி திரும்பி வரிசையைப் பார்த்துக் கையைக் காட்டினாள். இலைக்குப் போன கைகள் நின்றன. தங்கபுஷ்பத்துக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்கு நிமாயின் முதுகுக்காக, அவன் லேத் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக, பேண்டலில் இருக்கிற வீட்டுக்காரருக்காக, சினைப்பசுவுக்காக, அரிசி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்காகவும் சொல்லிக்கொண்டே போனாள். முந்தின நாளிலிருந்து சோறு காணாத அறுபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஆமென் என்று முடித்தபோது எதிர்வரிசைப் பிள்ளைகள் இதுவும் ஒரு முறைபோல என்று நினைத்து ஆமென் என்று திருப்பிச் சொல்லிவிட்டு இலையில் கைவைத்தன.

கண்ணைத் திறந்து பார்த்தபோதுதான் தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. கூச்சத்தில் முகம் சிவந்து குனிந்துகொண்டாள். எமீமாள் முதல் கவளத்தை வாயில் வைத்தாள். சுடச்சுட, கொஞ்சம் புகை வாசத்தோடு, உப்புக் கூடுதலாக இருந்தது. அதைப் போல ஒன்றை அவள் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

சனிக்கிழமை வேதமுத்து வந்தார். தண்டவாளத்தைப் பிடித்து இரண்டு நாள் நடந்து, நின்றுபோன ரயில்பெட்டியில் ஒதுங்கி, இடுப்புவரை சேறும் ஒற்றைச் செருப்புமாக மண்டபப் படியில் ஏறினார். மனைவியையும் மகளையும் பார்த்தார். தூணில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஷெஃபாலி மாஷி அவர் முன்னால் ஒரு இலையைப் போட்டுக் கிச்சுரியை ஊற்றினாள். பத்தடியில் தேவி இருந்தாள். மணி தொங்கியது. தட்டில் படையல் இருந்தது. அவர் எதையும் கேட்கவில்லை. கண்ணை மூடி உதடசைத்துவிட்டு மூன்று இலை சாப்பிட்டார். அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

தண்ணீர் வடிந்து, சேற்றை வழித்துப் போட்டு, சுவரில் சுண்ணாம்பு அடித்து, பூஜையும் பந்தல் இல்லாமல் தார்ப்பாய்க்குக் கீழே நடந்து முடிந்தது. ஒரு புதன்கிழமை, ஒரு வீட்டில் நடந்த சகோதரிகள் ஜெபக்கூட்டத்தில், வெள்ளத்தில் ஆண்டவர் எப்படிக் காப்பாற்றினார் என்று ஒவ்வொருத்தியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கபுஷ்பமும் சந்தோஷத்தில், வீட்டுக்காரர் வருவதற்கு முன் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். நிமாய் தூக்கியது, இலை போட்டது, அறுபது பேர் காத்திருந்தது. மூன்றாம் நாள் மதுரநாயகம் வீட்டுக்கு வந்தார்.

எழுபது வயதிலும் நேராக நிற்பவர். கோபக்காரர் இல்லை, அதுதான் அவரிடம் கஷ்டம். தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தங்கபுஷ்பத்தின் மூட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, வேதமுத்துவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பிரதர், ஆபத்துல அங்க ஒதுங்குனத நான் குத்தம் சொல்லல. சாப்பிட்டதுதான். படைச்சதுன்னு கண்ணால கண்டுட்டுச் சாப்பிட்டிருக்காவ. அது பேய்களோட பந்தி. நீரு சபையில உதவி மூப்பர். உம்ம வீட்டையே சும்மா விட்டா நாளைக்கு நான் யாரக் கண்டிக்க?"

வேதமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசி ஞாயிறு, அப்பம் பிட்குமுன் மனைவிக்காகவும் மகளுக்காகவும் அவர் எழுந்து அறிக்கை வாசிக்கவேண்டும், அதோடு முடிந்தது என்றார் மூப்பர். ஜாம்ஷெட்பூர் சபையிலிருந்து எமீமாளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் அப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். என்ன வாசிக்கவேண்டும் என்று ஒரு தாளில் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அவர் போனபிறகு எமீமாள் அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். 'பேய்களின் பந்தியில் பங்குபெற்று எங்களைத் தீட்டுப்படுத்திக்கொண்ட' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் ஷெஃபாலி மாஷியின் கூச்சமான முகமும், கழுத்தளவு தண்ணீரில் மேலே தூக்கிப் பிடித்த இரண்டு கைகளும் அவளுக்குத் தெரிந்தன.

தங்கபுஷ்பம் சமாதானத்துக்கு வந்தாள். ஒரு வார்த்தைதானே, வாசித்துவிட்டுப் போகட்டும், இத்தனை வருஷம் இருந்த ஜனத்தை விட்டுவிட்டு எங்கே போவது, நாளைக்குச் செத்தால் தூக்கக்கூட ஆள் வேண்டாமா என்றாள். எமீமாள் சத்தம் போடவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒன்னத் தூக்கிட்டு வந்தானே நிமாய்தா. அவன் பேயா?"

"ஏட்டி, அப்படியெல்லாம் பேசாத."

"நான் பேசல. இந்தத் தாள்ல இருக்கு. நம்ம பேரப் போட்டு, நாமளே சொல்லுத மாதிரி இருக்கு."

வேதமுத்து கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பட்டறைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது. எமீமாளுக்குச் சொல்ல ஒன்று நாக்குநுனியில் இருந்தது. நீங்களும்தான் சாப்பிட்டீர்கள், மூன்று இலை. அதைச் சொன்னால் அப்பா அந்த இடத்திலேயே உடைந்துபோவார் என்று அவளுக்குத் தெரியும். எட்டு வயதில் குழாயடியில் அழுத அதே ஆள்தான் அவர்.

"அப்பா, சின்ன வயசுலேருந்து நீங்க சொன்னது எதையும் நான் தட்டுனது இல்ல. பயத்துலதான் தட்டல. எனக்கு இப்போ அந்தப் பயம் இல்ல. அன்னைக்கு அம்மா ஜெபம் பண்ணும்போது ஆண்டவர் அங்க இருந்தாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். அதத் தப்புன்னு சொல்லச் சொன்னா, நான் அவரையே இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உங்களப் பத்தி நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்பா. என்னப் பத்தி நீங்களும் அதுல வாசிக்காதீங்க."

பிறகு மூன்று வருஷமாக மாதாகோயிலில் போய் உட்கார்ந்துவருவதையும் சொன்னாள். அம்மா வாயில் கைவைத்தாள். வேதமுத்து திரும்பவே இல்லை. பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.  அந்த வாரம் முழுக்க, சாப்பாட்டுக்கு ஜெபிக்க உட்கார்ந்தால் அப்பா பாதியிலேயே ஆமென் சொல்லி முடித்துவிடுவார். எமீமாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னதை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் மதுரநாயகம் தலையசைத்தார். வேதமுத்து எழுந்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். பெண்கள் பக்கத்தில் எமீமாள் முக்காட்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் பெயர் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தாள். 

வேதமுத்து தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் திரும்ப மடித்தார். 

"மூப்பர் எழுதித் தந்தத நான் வாசிக்கல," என்றார். "வாசிச்சாப் பொய்யாயிரும். ஏன்னா, நானும் சாப்பிட்டேன்."

ஹாலில் பெஞ்சுகள் கிரீச்சிட்டன. அவர் நிறுத்தாமல் பேசினார். பேச்சுப் பழக்கம் உள்ளவர்தான், ஆனால் அன்றைக்கு வாக்கியங்கள் துண்டு துண்டாக வந்தன.

"ரெண்டு நாளு நடந்து வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கெடக்கு. உள்ள யாரும் இல்ல. கட்டில்ல தண்ணி. செத்துட்டாவன்னு எனக்குத் தோணல. ஆண்டவர் வந்து அவியள எடுத்துட்டாரு, என்னைய விட்டுட்டாருன்னுதான் தோணுச்சு. முப்பது வருஷம் ஊழியம் செஞ்சும் விட்டுட்டாரேன்னு அந்தத் தண்ணியில நின்னு கத்துனேன். கேட்டுட்டு அடுத்த வீட்டு அம்மா கோயில் மண்டபத்துலேருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டா. இங்க இருக்காவ, இங்க வாங்கன்னு. போனேன். ரெண்டு பேரும் உசிரோட இருந்தாவ. எல போட்டா. எதுக்கு முன்னால வச்ச சோறுன்னு எனக்குத் தெரியும். ஜெபம் பண்ணினேன், சாப்பிட்டேன். அவரு கைவிட்ட ஆளுக்கு இப்படிச் சோறு வராது. அதுக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல, பிரதர்."

 அப்போது இடதுபக்கத்திலிருந்து, முக்காட்டுக்குள்ளிருந்து, "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது. உரக்கவே வந்தது. அந்த ஹாலில் ஒரு பெண்ணின் குரல் தனியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கபுஷ்பம் சொல்லிவிட்டு, தானே சொன்னோமா என்பதுபோல மகளைப் பார்த்தாள்.

மதுரநாயகத்தின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் திட்டவில்லை. மனந்திரும்புகிறவரை வேதமுத்து குடும்பத்துக்கு அப்பத்தில் பங்கில்லை, உதவி மூப்பர் பொறுப்பும் இல்லை என்று சொன்னார். சொல்லும்போது குரல் கம்மியது. அப்பத் தட்டு அவர்கள் மூன்று பேரையும் தாண்டிப் போயிற்று. கூட்டம் முடியும்வரை அவர்கள் எழுந்து போகவில்லை. வெளியே வரும்போது வேதமுத்து மூப்பரிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். 

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது பதினொரு மணி வெயில். மைதானத்தில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை.  எமீமாள் தனக்கு அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை.

"பசிக்கி," என்றார் வேதமுத்து.

"வீட்டுல குழம்பு இருக்கு, போயி சோறு மட்டும் வடிக்கணும்," என்றாள் தங்கபுஷ்பம்.

அவர் எதிரே சாலையோரக் கடையைப் பார்த்தார். கொதிக்கிற எண்ணெயில் கச்சோரி உப்பி மேலே வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு சாலையைக் கடந்து போய் மூன்று தொன்னை வாங்கிவந்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்குக் குழம்பு காரம் ஏறித் தங்கபுஷ்பத்துக்கு விக்கல் எடுத்தது. விக்கலோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. நிறுத்த முடியாமல் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வேதமுத்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தெருவில் வைத்து அவர் அவளைத் தொட்டதை எமீமாள் பார்த்ததே இல்லை.

ஜாம்ஷெட்பூர் சம்பந்தம் நின்றுபோயிற்று. அதில் வருத்தப்பட ஒன்றும் இருக்கவில்லை. மாப்பிள்ளையை அவள் பார்த்ததுகூட இல்லை. சகோதரிகளில் மூன்று பேர் பேச்சை நிறுத்தினார்கள். தங்கபுஷ்பத்துக்கு அது உறுத்தத்தான் செய்தது. புதன்கிழமை மத்தியானம் வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எங்கோ கிளம்புகிறவள்போல எழுந்து, பிறகு உட்கார்ந்துவிடுவாள். நாலு ஞாயிறு வீட்டிலேயே ஜெபித்தார்கள். ஐந்தாவது ஞாயிறு எமீமாள் சேலை கட்டிக்கொண்டு, நான் மாதாகோயிலுக்குப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்றாள். அம்மா முந்தியே தலை சீவி உட்கார்ந்திருந்தாள். அப்பா, வாசல்வரை வருகிறேன், உள்ளே வரமாட்டேன் என்றார்.

டிராமில் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். குளிர்காலம் ஆரம்பித்துவிட்டது. ஆற்றின்மேல் புகைபோல மூட்டம். அங்கே முக்காடு போடணுமா என்று அம்மா கேட்டாள். உன் இஷ்டம் என்றாள் எமீமாள். தங்கபுஷ்பம் பாலம் முடிகிறவரை அதை யோசித்துவிட்டு, போட்டுக்கொள்கிறேன், எனக்குப் பழகிப்போயிற்று என்றாள்.

ஆராதனை வங்காளத்தில் நடந்தது. தங்கபுஷ்பத்துக்குச் சந்தை வங்காளம்தான் தெரியும், ஆனால் பாட்டின் ராகம் ஊரில் சின்ன வயதில் கேட்டதாக இருந்தது. அவள் தமிழ் வார்த்தைகளைப் போட்டுப் பாடினாள். முன்பெஞ்சுக்காரி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் பாட்டுப் புத்தகத்தை அவள் பக்கமாக நீட்டினாள். இரண்டாம் பாட்டின் நடுவில் வேதமுத்து உள்ளே வந்தார். வாசலில் காற்று அடிக்கிறது என்று மகளிடம் முணுமுணுத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து போய்விடுகிறவர்போல உட்கார்ந்தார். எதிரே சுவரில் மரச்சிலுவை இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி வழியே வெயில் அவர் முழங்காலில் விழுந்திருந்தது.

பிரசங்கம் பாதியில் எமீமாள் பக்கவாட்டில் பார்த்தாள். அப்பாவின் தலை மார்பில் தொங்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, கை மடியில் மல்லாந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நன்றாகவே தூங்கினார்; மூச்சு சீராக வந்து போயிற்று. தங்கபுஷ்பம் பதறி முழங்கையால் அவரை இடிக்கப் போனாள். எமீமாள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூங்கட்டும்மா," என்றாள். "இங்க யாரும் எழுப்பமாட்டாங்க."